பன்னிரண்டு மாப்பிள்ளைகளுக்கு ஒரே இடுப்பு

ஈரத்துணியை மேலே விரித்து, கரி கனியும் இஸ்திரிப் பெட்டியை அப்பா அழுத்தி இழுக்கும்போது, அந்தக் கருநீலக் கம்பளிப் பேன்ட்டிலிருந்து ஆவியோடு சேர்ந்து ஒரு வாசனை கிளம்பும். முதலில் அந்துருண்டை, அடுத்து சந்தனம், அதற்கடுத்து வாடிய ரோஜா மாலை, எல்லாவற்றுக்கும் அடியில் பதினோரு மாப்பிள்ளைகளின் பயந்த வியர்வை. ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் எந்தக் கல்யாண மண்டபத்தில் நுழைந்தாலும் என் மூக்கு முதலில் அந்த வாசனையைத்தான் தேடுகிறது. கிடைக்காமல் போனதும், சரி, சாப்பாட்டையாவது பார்ப்போம் என்று பந்தி பக்கம் நகர்ந்துவிடுகிறேன்.

அப்பா சின்ன காஞ்சிபுரத்தில் தையற்கடை வைத்திருந்தார். ஊரே பட்டு நெய்துகொண்டிருந்தபோது அவர் ரவிக்கையும் பள்ளிக்கூட அரை டிராயரும் தைத்துக்கொண்டிருந்தார். பேன்ட் போடுகிறவர்கள் ஊரில் குறைவு. பாங்கி ஆபீசர், புதிதாக வந்த டாக்டர், சினிமாக் கொட்டகை மேனேஜர் என்று நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களும் துணி தைக்க மெட்ராசுக்கு பஸ் ஏறிப் போய்விடுவார்கள். ஆனால் மாப்பிள்ளை அழைப்பு என்று ஒன்று இருந்ததே, அது அப்பாவைக் காப்பாற்றியது. பிறந்ததிலிருந்து வேட்டியைத் தவிர வேறு எதையும் அறியாதவனாக இருந்தாலும், கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, திறந்த காரில் கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்து, பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலமாக வந்தாக வேண்டும். மறுநாள் காலையில் பட்டு வேட்டி கட்டித் தாலி கட்டப் போகிறவன், அந்த ஒரு சாயங்காலம் மட்டும் துரை.

அந்தச் சாயங்காலத்துக்காக எங்கள் கடையில் ஒரு சூட்டு இருந்தது. அதை முதலில் தைக்கக் கொடுத்தவர் ஒரு பாலம் கட்டும் கான்ட்ராக்டர். அளவு எடுக்கும்போது அப்பாவின் டேப்பு அவர் இடுப்பைச் சுற்றிவரத் திணறியதாம். நாற்பத்து நாலு அங்குலம். பாலம் முடிந்ததோ நின்றதோ, மனிதர் திரும்பி வரவே இல்லை. ஒரு வருஷம் காத்திருந்த அப்பா, ஒரு முகூர்த்த மாதத்தில் துணிந்து அதை வாடகைக்கு விட்டார். கோட்டு பிரச்சினை இல்லை. தோளில் கொஞ்சம் பஞ்சு வைத்து, முதுகுப் பக்கம் நாலு குண்டூசி குத்தினால் யார் மேலும் உட்கார்ந்துவிடும். பேன்ட்தான் வம்பு. எங்கள் ஊர் மாப்பிள்ளைகளின் இடுப்பு இருபத்தெட்டுக்கும் முப்பதுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது.

வெட்டிச் சின்னதாக்கிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவும் கேட்டாள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "வெட்னா வெட்னதுதான். நாளைக்கே ஒரு குண்டு மாப்பிள்ள வந்தா, வெட்ன துண்ட ஒட்டவாடி முடியும்?" என்பார். அதனால் முதலில் பின்பக்கத் தையலை உள்ளே பிடித்துத் தைத்துப் பார்த்தார். பதினாலு அங்குலத்தை உள்ளே தள்ளியதில் பின்பக்கத்துப் பாக்கெட் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன. தைப்பதும் பிரிப்பதுமாக மூன்று மாப்பிள்ளைகள் போனதும், அந்த இடத்தில் துணி சல்லடையாகத் தொடங்கிவிட்டது. இனிமேல் ஊசி படாமல் இடுப்பைச் சுருக்க வேண்டும் என்றால் பெல்ட்டுதான் என்று முடிவாயிற்று.

பெல்ட்டு என்றால் தோல். காரில் ஏறுவதற்கு முன்னால் மாப்பிள்ளை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாக வேண்டும். நாலாவது மாப்பிள்ளை பெல்ட்டோடு படியேறினதும் கோயில் ஐயர், "தோலைக் கழட்டிட்டு வாப்பா" என்று கையை நீட்டி நிறுத்திவிட்டார். கழற்றினான். இடது கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தேங்காயை உடைத்தான். கும்பிட வேண்டிய நேரத்தில்தான் சங்கடம். ஒரு கையால் சாமி கும்பிட்ட அந்த மாப்பிள்ளையைச் சன்னதித் தெருவே ரொம்ப நாள் பேசியது. அது போதாதென்று, பெல்ட்டு இறுக்கின இடத்தில் கொத்துக் கொத்தாகச் சுருக்கம் விழுந்து, இது இரவல் துணி என்று தெருமுனைக் குழந்தைக்கும் தெரிந்துவிட்டது.

அன்று ராத்திரியே அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பேன். பெல்ட்டு இருக்க வேண்டும், ஆனால் இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது. பழுப்புக் காகிதத்தில் பென்சிலால் இடுப்புப் பட்டியை வரைந்து வரைந்து கிழித்தார். பட்டியை இரண்டு அடுக்காக மடித்து, நடுவில் ஒரு சந்து விட்டு, பெல்ட்டை அதற்குள் ஓடவிட்டு, முன்னால் ஒரு மூடி வைத்து மறைத்தார். அதற்கு அவரே "சீக்ரெட் பட்டி" என்று பெயரும் வைத்தார். முப்பது அங்குல இடுப்புக்காரரான அவரே அதை மாட்டிக்கொண்டு, மேலே பனியனோடு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, உட்கார்ந்து, எழுந்து காட்டுவார். அம்மா, அத்தை, நான் மூன்று பேரும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நடந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். எல்லாம் செய்தவர் விழுந்து கும்பிட்டுப் பார்க்க மறந்துபோனார். அடுத்த மாப்பிள்ளை பக்தியுள்ளவன். பிள்ளையார் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். ஒளிந்திருந்த பித்தளை பக்கிள் தொப்புளுக்குக் கீழே குத்தியதில், சன்னதி என்றும் பார்க்காமல் "ஐயோ அம்மா" என்று அலறிவிட்டான். அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. "ஐயரு கண்ணுக்கு மறைச்சீங்க, சரி. புள்ளையாரு கண்ணுக்குமா மறைப்பீங்க?" என்று கேட்டாள். அப்பா தோல் பெல்ட்டை உருவி ஆணியில் மாட்டினார்.

பிறகு பாவாடை நாடாவைக் கோத்துப் பார்த்தார். சூட்டு அணிந்த மாப்பிள்ளை முன்னால் துரையாகவும் பின்னால் பாவாடை கட்டின பெண்ணாகவும் தெரிந்தான். வேட்டிக் கரையைக் கிழித்துக் கோத்தார். அது நடு ஊர்வலத்தில் படீரென்று அறுந்தது. மாப்பிள்ளை நல்ல வேளையாகக் காரில் உட்கார்ந்திருந்தான். கடைசிவரை எழுந்திருக்க மறுத்துவிட்டதால் அவனைக் காரிலிருந்து மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதை மரியாதை என்று பெண் வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். இப்படியாகப் பதினோரு மாப்பிள்ளைகள் அந்தப் பேன்ட்டுக்குள் போய் உயிரோடு திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவர் இடுப்புக்கும் பட்டியின் உள்பக்கத்து வெள்ளைத் துணியில் ஒரு நிறத்து நூலால் அப்பா சின்ன அடையாளம் தைத்து வைத்தார். சிவப்பு, பச்சை, ஊதா என்று அளவுக்கோலைப் போல அவை வரிசையாக நிற்கும்.

பன்னிரண்டாவது மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கே வந்தார்.

அப்பாவின் தங்கை சரோஜா அத்தைக்கு அப்போது இருபத்தாறு வயது முடிந்திருந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய வயது. அவள் எங்கள் கடைக்குக் காஜா எடுப்பவள். பட்டன் ஓட்டையைச் சுற்றி அவள் போடும் தையலை எறும்புகூட நின்று பார்த்துவிட்டுத்தான் போகும். கை எவ்வளவு நயமோ வாய் அவ்வளவு நறுக்கு. இரண்டு இடங்கள் பேசி, இரண்டும் அவள் வாயாலேயே போயிற்று என்று அம்மா சொல்வாள். ஒரு மாப்பிள்ளையின் அப்பா, "பொண்ணுக்குப் பாடத் தெரியுமா?" என்று கேட்டதற்கு, "உங்க பையனுக்குக் கேக்கத் தெரியுமா?" என்றாளாம். இந்த மூன்றாவது இடம் உத்திரமேரூர். மாப்பிள்ளை நடராசன், தாலுகா ஆபீசில் குமாஸ்தா. சாதுவான மனிதர், மூங்கில் கழிக்குச் சட்டை மாட்டினது போல ஒல்லி. அந்த வீட்டில் எல்லாமே அவருடைய அக்கா மரகதம்தான். கடைகளில் புடவையை விரித்துப் பார்க்காமலே, விரலால் தடவி இழைக் குற்றம் சொல்லக்கூடிய அம்மாள் அவர். அவர் போட்டது ஒரே நிபந்தனை. "எங்க தம்பிக்கு அழைப்புக்குப் புது சூட்டு தெச்சுடுங்க. ஊரு பூரா போட்ட வாடகைத் துணி எங்களுக்கு ஆவாது. தையக்காரர் வீடு, உங்களுக்கு இது ஒரு பெருசா?"

அப்பா தலையை ஆட்டிவிட்டு வந்தார். பந்தலுக்கும் பந்திக்கும் புடவைக்கும் போக, புதுக் கம்பளித் துணிக்கு வழியில்லை என்று சம்பந்தி முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து சூட்டை எடுத்து விரித்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். இதைப் புதுசு என்று நம்பவைக்க வேண்டும். ஒரு சுருக்கம் தெரிந்தாலும் மரகதம் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் மூன்றாவது இடமும் போய்விடும். அவர் எதிரே உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்த அத்தைக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஊசியை ரவிக்கையில் குத்திவிட்டு அவள் எழுந்தாள்.

"குடு இப்படி. எத்தினி வாட்டி நாடாவையே கட்டி அழுவே? எனக்கு வரப்போற ஆளு, நானே பாத்துக்கிறேன்."

அத்தை செய்த சீக்ரெட் பட்டியை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்புதான். பக்கத்து வீட்டில் மாணிக்கம் என்ற நெசவாளர் இருந்தார். சேலையை அறுத்து இறக்கின பிறகு தறியில் மிஞ்சிப்போகும் பட்டு இழைகளை அவரிடமிருந்து வாங்கி, இரண்டு விரல் அகலத்துக்குத் தட்டையாகப் பின்னி, இரண்டு முனைகளையும் மெல்லிய கயிறாக முறுக்கினாள். பட்டியின் உள்ளே அது வழுக்கிக்கொண்டு ஓடியது. இறுக்கும்போது துணி ஒரே இடத்தில் குவியாமல் இருக்க, முதுகின் இரண்டு பக்கமும் ஆழமான மடிப்பாக விழும்படி உள்ளுக்குள் நாலு இடத்தில் சின்னத் தையல் போட்டாள். மடிப்பைக் கோட்டு மறைத்துவிடும். முனைகள் இரண்டும் முன்பக்கம், வயிற்றைப் பார்த்த பக்கம், இரண்டு காஜா வழியாக வெளியே வரும். அங்கே முடிந்துவிட்டு மேல் மூடியைக் கொக்கி மாட்டினால், பெல்ட்டு என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை. அப்பா மாட்டிக்கொண்டு நடந்தார், உட்கார்ந்தார், இந்த முறை மறக்காமல் விழுந்தும் கும்பிட்டார். புதுப் பேன்ட்தான். அம்மாகூடக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு குறை. பட்டு வழுக்கும், சாதாரண முடிச்சு பத்து நிமிஷத்தில் தானாக நெகிழ்ந்துவிடும். அதற்கும் அத்தை வழி சொன்னாள். அறுந்த பட்டு இழையைத் தறியில் சேர்க்கும்போது நெசவாளிகள் போடும் முடிச்சு இருக்கிறதே, கடுகளவுதான் இருக்கும், இழுக்க இழுக்க இறுகும், ஜென்மத்துக்கும் நழுவாது. அதை அவள் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இழையைச் சேர்ப்பதற்கென்று உண்டான முடிச்சு அது, அவிழ்ப்பதற்கென்று உண்டானதில்லை. காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கும் அது அப்போது தோன்றவே இல்லை. இன்னொன்றும் தோன்றவில்லை. மாணிக்கம் வீட்டுத் தறியில் அந்த வாரம் ஓடினது மஞ்சள் உடம்புச் சேலை.

அழைப்பு அன்று சாயங்காலம், எங்கள் எதிர் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஜாகை. அப்பாவே போய் மாமாவுக்கு (அவரை நான் அன்றிலிருந்தே மாமா என்றுதான் சொல்கிறேன்) பேன்ட் மாட்டிவிட்டு முடிச்சுப் போட்டார். தங்கையின் வாழ்க்கையை ஒரு முடிச்சை நம்பி விட மனசு வரவில்லை போலிருக்கிறது. அதன் மேலேயே இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று என்று மூன்று போட்டுவிட்டுத்தான் கொக்கியை மாட்டினார். மாமா கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "ரொம்பக் கச்சிதமா இருக்குதுங்க" என்றார். மரகதம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தோளைத் தொட்டார், மடிப்பைத் தடவினார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே பாஸ் என்று அர்த்தம். அப்பாவுக்கு அந்தக் கணத்தில் இரண்டு அங்குலம் உயரம் கூடினது.

ஊர்வலம் அமர்க்களமாக நடந்தது. கேஸ் விளக்கு, நாயனம், பாண்டு. வழியில் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றின் முன்னாலும் காரை நிறுத்தி மாப்பிள்ளைக்குக் கோலி சோடா கொடுத்தார்கள். மாமா யாருக்கும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். நான் எண்ணிக்கொண்டே வந்தேன், ஏழு சோடா. சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் கம்பளிக்குள் வெந்து, வியர்வையில் பட்டு ஊறி, மூன்று முடிச்சும் ஒன்றாகிக் கல்லாகிப்போனது, பாவம், அவருக்குத் தெரியாது. ஜாகைக்குத் திரும்பி, வேட்டி மாற்றிக்கொண்டு நிச்சயதாம்பூலத்துக்கு வர வேண்டிய மாப்பிள்ளை, கால் மணி நேரமாகியும் அறையை விட்டு வரவில்லை. தட்டும் தாம்பூலமுமாகப் பந்தலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். புரோகிதர், "நல்ல நேரம் போய்க்கினு இருக்குது" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

அப்பாவோடு நானும் ஓடினேன். அறைக்குள் மாமா இரண்டு முழங்காலையும் ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். அவருடைய சிநேகிதர் ஒருவர் எதிரே மண்டியிட்டு முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். "சீக்கிரம்பா, சீக்கிரம், எனக்கு அவசரமா போவணும்" என்று மாமா முனகினார். ஏழு சோடாவையும் நான் நினைத்துக்கொண்டேன். அப்பா தன் பங்குக்கு இழுத்தார். முடிச்சு இன்னும் இறுகியது. வேறு வழியில்லாமல் சட்டைப் பையிலிருந்து கத்திரியை எடுத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மரகதம் உள்ளே வந்தார்.

அவர் கண்ணில் பட்டது இதுதான்: மஞ்சள் கயிறு, மூன்று முடிச்சு, பக்கத்தில் விரித்த கத்திரி.

"ஐயையோ! என்னாங்க பண்றீங்க? விடிஞ்சா தாலி கட்டப்போற புள்ள, மஞ்சக் கவுறு, மூணு முடிச்சு, அதப் போயி அறு..." பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சொல்லைக் கல்யாண வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். வாழைத்தாரைக்கூட வெட்டுவார்களே தவிர அறுக்க மாட்டார்கள். அப்பாவின் கை அப்படியே நின்றது. அதற்குப் பிறகு கத்திரியை யார் எடுப்பார்கள்? கத்திரி கூடாது, பிளேடு கூடாது, ஊசிகூடக் கூடாது என்றார் மரகதம். நகமும் பல்லும்தான் பாக்கி. சிநேகிதரின் பல்லோ ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது.

நான் தெருவைத் தாண்டி அத்தையிடம் ஓடினேன். தலையில் பாதிப் பூ வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "மூணு முடிச்சா போட்டாரு உங்கப்பா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "இழுக்கக் கூடாது, தள்ளணும். போயி சொல்லு." சொன்னேன். எல்லோரும் முறை போட்டுத் தள்ளிப் பார்த்தார்கள். மூன்றும் ஒட்டிக் கல்லாகியிருந்ததால் எந்த இழையை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தள்ளுகிறவருக்கும் தெரியவில்லை, தள்ளப்படுகிறவருக்கும் தெரியவில்லை. மாமாவின் முகம் நிறம் மாறத் தொடங்கியது. நான் மறுபடியும் ஓடினேன். இந்த முறை அத்தை எழுந்துவிட்டாள். பாதிப் பூவோடு, ஒரு பக்கம் ஜடையும் மறு பக்கம் விரித்த முடியுமாக, கல்யாணப் பெண் தெருவைக் கடந்து மாப்பிள்ளை ஜாகைக்குள் நுழைந்ததை நாயனக்காரர் பார்த்துவிட்டு வாசிப்பை நிறுத்திவிட்டார்.

அறை வாசலில் திரை தொங்கியது. மரகதம் குறுக்கே நின்றார். "இப்ப நீ அவன பாக்கக் கூடாதும்மா."

"பாக்க மாட்டேங்க்கா. கண்ண மூடிக்கிறேன். காஜா எடுக்கிற வெரலுக்குக் கண்ணு எதுக்கு?"

மரகதம் ஒரு நிமிஷம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய், தம்பியைத் திரைக்கு அருகே நகர்த்தி நிறுத்தினார். அத்தை கண்களை இறுக மூடிக்கொண்டு, திரையோரமாகக் கையை மட்டும் உள்ளே விட்டாள். உள்ளேயிருந்து முதலில் ஒரு மூச்சு கேட்டது, பிறகு ஒரு கிளுகிளுப்பு, பிறகு அடக்க முடியாத சிரிப்பு. மாமாவுக்கு வயிற்றில் கை பட்டால் கூச்சம் தாங்காது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. "சிரிக்காதீங்க, ஆடுது" என்றாள் அத்தை, கண்ணைத் திறக்காமல். அது அவள் அவரோடு பேசின முதல் பேச்சு. "சரிங்க" என்றார் அவர். கல்யாணமான பிறகும் ஆயுசு முழுக்க அவர் அவளிடம் அதிகமாகச் சொன்ன பதில் அதுதான்.

ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான், சந்தனக் கிண்ணத்தைத் தூக்கி வைக்கும் நேரம்கூட ஆகவில்லை. பேன்ட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி மாமா கொல்லைப் பக்கம் பறந்த வேகத்தில் திரை இரண்டு தரம் ஆடி நின்றது.

ஆனால் பெரிய கண்டம் அதற்குப் பிறகுதான். மாமா வேட்டிக்கு மாறினதும் மரகதம் பேன்ட்டை எடுத்து மடித்தார். மடிக்கிறவர் சும்மா மடிப்பாரா? பட்டியை உள்பக்கம் திருப்பினார். சிவப்பு, பச்சை, ஊதா என்று பதினோரு அடையாளம் வரிசையாக நின்றது. "இது என்னாங்க?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். வெளியே வேலை இருப்பது போலத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது இடமும் போகப் போகிறது என்று அந்த வயதிலும் தெரிந்தது.

திரைக்கு வெளியே நின்றிருந்த அத்தைதான் பேசினாள். குரல் லேசாக நடுங்கியது. அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "அது வாடகை சூட்டுதாங்க்கா. புதுசு தெக்க எங்க அண்ணனால முடியல, அத உங்ககிட்ட சொல்லவும் முடியல. உங்க தம்பிக்கு முன்னாடி பதினோரு மாப்பிள்ளைங்க போட்டாங்க. அந்தப் பதினோரு அளவுதான் அது. நீங்க வேணாம்னு சொல்லிட்டாக்கூட நான் பொய் சொல்லிக்கினு உங்க வீட்டுக்கு வரமாட்டேன்."

மரகதம் ஒவ்வொரு நூலாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். தையலில் குற்றம் தேடுகிறாரோ என்று நினைத்தேன். கடைசி நூலில் விரலை நிறுத்தி,

"பதினோரு பேரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க. அந்தப் பச்ச நூலுக்கு ரெட்டப் புள்ளைங்க."

"ஒருத்தனும் ஒண்டியா நிக்கல?"

"இல்லைங்க்கா."

"அப்ப ராசியான துணிதான்" என்று சொல்லிவிட்டு அதை நாலாக மடித்து அப்பாவின் கையில் கொடுத்தார் மரகதம். "எங்க நடராசனுக்கும் ஒரு நூலு போட்டுடுங்க. மஞ்சளாவே போடுங்க." வாசல் வரை போனவர் திரையை விலக்கி, அத்தையிடம், "நீ போயி மீதிப் பூவ வெச்சிக்கோ. கண்ணத் தொறந்துக்கினு போ" என்றார்.

மறுநாள் காலையில் தாலியின் முதல் முடிச்சை மாமாவும் மற்ற இரண்டை, எங்கள் வழக்கப்படி, நாத்தனாரான மரகதமும் போட்டார்கள். போட்டுவிட்டு அவர் அத்தையின் காதில் ஏதோ சொன்னார். மணவறையில் தலை குனிந்திருக்க வேண்டிய பெண் பல் தெரியச் சிரித்துவிட்டாள். அம்மா அதற்காக ஒரு மாதம் திட்டினாள். அந்த ரகசியம் என்ன என்று அத்தை பிற்பாடு சொன்னாள்: "என் முடிச்ச அவுக்க உன்னால ஆவாது."

அப்பா அதற்குப் பிறகு கயிற்று முனையில் முடிச்சுக்குப் பதில் கொக்கி வைத்தார். சீக்ரெட் பட்டியின் புகழ் வாலாஜாபாத் வரைக்கும் போய், மாகறலிலிருந்தெல்லாம் மாப்பிள்ளைகள் வந்தார்கள். இப்படியே ஐந்தாறு வருஷம். பிறகு பெல்பாட்டம் வந்தது. இடுப்பில் நிற்க வேண்டிய பேன்ட் இடுப்புக்குக் கீழே இறங்கியது. நாலு விரல் அகலத்துக்குப் பெல்ட்டும், அதில் சாப்பாட்டுத் தட்டளவு பக்கிளும் மாட்டிக்கொண்டு, அது தெரிய வேண்டும் என்பதற்காகவே சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வாலிபர்கள் நடந்தார்கள். பெல்ட்டை ஒளித்து வைக்க ஆயுசில் பாதியைக் கொடுத்த அப்பா கடை வாசலில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. "எல்லாம் வெளியவே வந்துடுச்சுபா" என்பார்.

அப்பா இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளைகள் ஷெர்வானி போடுகிறார்கள், இடுப்பில் எலாஸ்டிக், எந்தத் தொப்பையும் தானாகவே அடங்கிக்கொள்கிறது. திறந்த காரும் ஏழு சோடாவும் போயே போயின. சூட்டைப் பூச்சி அரித்துவிட்டது. அதன் பட்டியை மட்டும் வெட்டி எடுத்து நான் வைத்திருக்கிறேன். அதில் இருபத்தாறு நூல் அடையாளங்கள். மஞ்சள் மட்டும் வெளுத்துவிட்டது.

போன வருஷம் மாமாவும் போய்விட்டார். பத்தாம் நாள் சாயங்காலம் பெண்கள் அத்தையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் எத்தனை சொல்லியும் தங்கச் சங்கிலிக்கு மாறாமல், கடைசி வரைக்கும் அவள் மஞ்சள் கயிறேதான் போட்டிருந்தாள். வருஷா வருஷம் புதுக்கயிறு மாற்றி, அதே நெசவு முடிச்சைத் தானே போட்டுக்கொள்வாள். செய்ய வேண்டியதைச் செய்ய ஒரு கிழவி கத்தியோடு அருகில் வந்தபோது, அத்தை கையால் தடுத்தாள்.

"அறுக்க வேணாம். நானே அவுத்துக்கிறேன்."

இரண்டு கண்ணிலும் புரை. ஆனாலும் பழக்கமோ என்னவோ, கண்களை மூடிக்கொண்டு விரல்களைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனாள். முதல் முடிச்சு நெகிழவில்லை. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மரகதம், எண்பத்தைந்து வயது, இரண்டு கையாலும் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"இழுக்காத சரோஜா" என்றார் மெதுவாக. "தள்ளு."